கினபாலுவின் கருங்கற் கொடுமுடிகள்

நம் நாட்டு நூறு வெள்ளி நோட்டின் பின்புறத்தைப் பார்த்தால் அங்கே ஒரு மலையின் படம் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். சபா மாநிலக் கொடியிலும் அம்மலையின் நிழலுருவமே இடம்பெற்றுள்ளது. அதுதான் கினபாலு மலை. கடல் மட்டத்திற்கு மேல் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் இம்மலையின் உச்சியே மலேசியாவின் மிக உயர்ந்த இடமாகும். பழைய பாடநூல்களில் 4,101 மீட்டர் என்று படித்தவர்கள் நம்மிடையே பலர் உளர். 1997ஆம் ஆண்டில் துணைக்கோளின் உதவியுடன் மீண்டும் அளந்தபோது அக்கணக்குச் சற்றுக் குறைந்தது. மலை தேய்ந்துவிட்டதோ என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை, திருந்தியது அளவையே.

இம்மலையில் நம்மவர் ஏறலாமா, அதற்குக் கயிறும் கருவிகளும் வேண்டுமா, பிள்ளைகளை அனுப்பலாமா என்றெல்லாம் தோட்ட இளைஞர் மன்றக் கூட்டங்களில் நம்மைக் கேட்பவர்கள் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் கினபாலுப் பூங்கா வரையில் சென்று திரும்பிய மாணவர்கள், மேலே போக முடியவில்லையே என்னும் குறையோடு பேசுவதையும் கேட்டிருக்கிறோம். பெற்றோர் மனத்திலோ 2015ஆம் ஆண்டு நிலநடுக்கச் செய்தி இன்னும் அகலாமல் நிற்கிறது. இரு சாராரின் எண்ணத்திலும் நியாயம் இருக்கிறது. ஆதலின் இம்மலை எத்தகையது, அதன் கவர்ச்சி யாது, அதில் எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பவற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏறுவோரை இழுப்பதும் அச்சுறுத்துவதும் அக்கல்லே. கினபாலுவின் அடிப்பகுதி மணற்கல், களிக்கல், கரும்பச்சை நிறப் பாறை எனப் பலவகைக் கற்களால் ஆனது. அங்கெல்லாம் அடர்ந்த காடு மூடியிருக்கிறது. மேலே செல்லச் செல்லக் காடு குட்டையாகி, இறுதியில் அற்றுப்போய், வெறும் பாறை மட்டுமே எஞ்சுகிறது. அப்பாறை கிரானைட் எனப்படும் கருங்கல். நம் வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் எவ்வகைக் கல்லாற் செய்யப்பட்டனவோ அதற்கு நெருங்கிய உறவுடையது. கருங்கல் என்று பெயர் சொன்னாலும் கினபாலுவில் அதன் நிறம் சாம்பல். உற்று நோக்கினால் வெள்ளையும் கறுப்புமாகப் பருமணிகள் நெருக்கமாகப் பதிந்திருப்பது தெரியும்.

அம்மணிகளே அக்கல்லின் பிறப்பைச் சொல்லுகின்றன. நிலத்தின் ஆழத்தில் உருகிய நிலையில் இருந்த பாறைக் குழம்பு மேல்நோக்கி எழுந்து, நில மேற்பரப்பை எட்டாமலே நடுவழியில் நின்று, மிக மெதுவாக ஆறி இறுகியது. மெதுவாக ஆறியதனால்தான் மணிகள் பருத்தன. எரிமலை வாயிலாக வெளியே கொட்டி விரைந்து ஆறியிருந்தால் கல் நொய்ம்மணியாக இருந்திருக்கும். கினபாலு எரிமலை அன்று என்பதை இங்கே குறிப்பிட்டுவிடுகிறோம். அவ்வாறு எண்ணிக்கொண்டிருப்போர் பலர். இக்கல் இறுகியது ஏறத்தாழ 70 முதல் 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். பெரிய காலமாகத் தோன்றலாம். ஆனால் தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லுக்கு ஏறத்தாழ 20 கோடி ஆண்டு வயது. அதனோடு வைத்துப் பார்த்தால் கினபாலு பச்சிளங்குழந்தை. இளமையே அதன் உயரத்திற்கும் செங்குத்துக்கும் ஒரு காரணம். தித்திவங்சா மலைகளை மழையும் வெயிலும் நெடுங்காலம் தேய்த்து மழுக்கிவிட்டன. கினபாலுவோ நிலத்தின் அடியிலிருந்து உயர்த்தப்பட்டு, மேலே மூடியிருந்த பழம்பாறைகள் அரித்து நீக்கப்பட்டு, தன் உடம்பை வெளிக்காட்டத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை.

அதற்கு வடிவம் கொடுத்த சிற்பி பனிக்கட்டி. நிலநடுக்கோட்டிற்கு ஆறு பாகை வடக்கே, வெப்ப மண்டலத்தின் நடுவே, பனிக்கட்டியா என்று வியப்புத் தோன்றும். உலகம் குளிர்ந்திருந்த பனி ஊழிக் காலத்தில் இம்மலையின் தலைமீது பனிக்கட்டி அடுக்கடுக்காய்த் தங்கியிருந்தது. அது தன் எடையால் மெல்ல நகர்ந்து சரிந்தபோது, அடியில் இருந்த பாறையை இழைத்து வழவழப்பாக்கியது. இழைத்த கீறல்கள் இன்றும் பாறையில் தெரிகின்றன. பனிக்கட்டிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த பாறைகள் மட்டும் இழைக்கப்படாமல் முள்முள்ளாய் நின்றுவிட்டன. ஆதலால்தான் கினபாலுவின் மேற்பகுதி மற்ற மலைகளைப்போல் ஒரே கூம்பாக முடியாமல், அகன்ற சாய்தளமும் அதைச் சுற்றிப் பல கொடுமுடிகளுமாகக் காட்சி தருகிறது. லோ கொடுமுடி, செயின்ட் ஜான் கொடுமுடி, தென் கொடுமுடி, கழுதைக்காது, அழகற்ற சகோதரிகள் என அவற்றிற்குப் பெயர்கள் பல. வெள்ளையர் இட்ட பெயர்கள், சில வேடிக்கையானவை. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பனிக்கட்டி கரைந்து போயிற்று. இன்று அங்கே நிலையான பனி இல்லை.

குளிர் மட்டும் உண்டு. மேலே செல்ல ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது என்பது பள்ளிப் பாடம். கடற்கரையில் 30 பாகை வெப்பம் இருக்கும்போது உச்சியில் பகலிலேயே ஐந்தாறு பாகைதான் இருக்கும். விடியற்காலையில் நீர் உறையும் நிலையையும் அது எட்டுவதுண்டு. கோத்தா கினபாலு நகரில் வியர்வை வழிய நிற்பவர் மறுநாள் விடியலில் கைவிரல்கள் விறைக்க நிற்கிறார். நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம், ஆனால் பனிக்கோடரியும் வேண்டாம், பல மாதப் பயிற்சியும் வேண்டாம். நடைபயிற்சியும் நல்ல உடல்நலமும் உள்ள எளிய மனிதர் இரண்டே நாளில் ஏறி இறங்கலாம். உலகில் இத்தகைய மலைகள் அதிகம் இல்லை. கினபாலுவின் முதற்கவர்ச்சி இதுவே என்பது நம் கருத்து.

ரப்பர் மரமும் லோ கொடுமுடியும்

கினபாலுவின் மிக உயர்ந்த உச்சிக்கு லோ கொடுமுடி என்று பெயர். லபுவான் தீவில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த ஹியூ லோ என்பவரை நினைவூட்டுவது அது. அவர் 1851ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கியாவ் சிற்றூர் மக்களின் துணையோடு மலைமீது ஏறினார். பாறைத் தளம்வரை சென்றவர், எதிரே நின்ற கொடுமுடிகளுள் மிக உயர்ந்ததை எட்டவில்லை. 1858ஆம் ஆண்டில் ஸ்பென்சர் செயின்ட் ஜான் என்னும் நண்பரோடு மீண்டும் வந்தும் அந்த உச்சி அவர் காலில் படவில்லை. அதை முதன்முதலில் எட்டியதாகப் பதிவு பெற்றவர் ஜான் வைட்ஹெட் என்னும் பறவை ஆராய்ச்சியாளர், ஆண்டு 1888. ஏறாதவர் பெயரை உச்சி தாங்கி நிற்கிறது. ஏறியவர் பெயரைச் சில பறவைகள் தாங்கிப் பறக்கின்றன. 1910ஆம் ஆண்டில் லிலியன் கிப்ஸ் என்னும் தாவர அறிஞர் ஏறினார். இம்மலையேறிய முதற்பெண்மணியாக அவரைக் குறிப்பிடுவர்.

ஹியூ லோவைப் பற்றித் தோட்டத்து வாசகர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இவரே 1877ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் ரெசிடெண்டாகக் கோலகங்சாருக்கு வந்தார். அவ்வாண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ரப்பர்க் கன்றுகள் சில, அவருடைய இல்லத்தை அடுத்து நடப்பட்டன. மலாயா மண்ணில் வேர்கொண்ட முதல் ரப்பர் மரங்களுள் அவை அடங்கும். அக்கன்றுகளின் வழிவந்த தொழிலே நம் பாட்டனாரையும் பாட்டியாரையும் கடல் கடந்து இங்கே கொண்டுவந்தது. கினபாலுவில் கைகூடாத ஒருவர் கோலகங்சாரில் நட்டுவைத்தது இவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது.

ஆங்கிலேயர் வருவதற்கு முன் இம்மலை ஆளற்றுக் கிடந்தது என்று எவரும் கருதலாகாது. அடிவாரத்தில் வாழும் கடாசான் டூசுன் மக்களுக்கு இது புனித மலை. இறந்தோரின் ஆவிகள் சென்று தங்கும் இடம் இதுவென்பது அவர்தம் முன்னோர் நம்பிக்கை. கினபாலு என்னும் பெயரே முன்னோர் உறைவிடம் என்று பொருள்படும் 'ஆக்கி நபாலு' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். சீன நாட்டுக் கணவனை எதிர்நோக்கி மலைமீது நின்று கல்லான ஒரு பெண்ணின் கதையைச் சொல்லி, 'சீனன் கைம்பெண்' என்று பொருள் கூறுவாரும் உளர். அக்காலத்தில் மலையேறுமுன் வெள்ளைச் சேவல்களையும் முட்டைகளையும் படைத்து முன்னோரிடம் இசைவு பெறுவது வழக்கம். அச்சடங்கு இன்றும் அறவே விடப்படவில்லை. மலைகளைத் தெய்வமாக வணங்கும் மரபில் வந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஏறும் வழி

மலையைச் சூழ்ந்த 754 சதுர கிலோமீட்டர் காடு 1964ஆம் ஆண்டில் கினபாலுப் பூங்காவாக ஆக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலக மரபுரிமைச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. சரவாக்கின் முலு பூங்காவுடன் அவ்வாண்டிலேயே மலேசியா அப்பட்டியலில் முதன்முறையாக இடம்பெற்றது. 2023இல் உலகப் புவிப்பூங்கா என்னும் தகுதியும் கினபாலுவுக்குக் கிடைத்தது.

பூங்காவின் தலைமையகம் கோத்தா கினபாலுவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதற்கும் மேலே, 1,866 மீட்டர் உயரத்தில், திம்போஹோன் நுழைவாயில் இருக்கிறது. நடை அங்கே தொடங்குகிறது. உச்சிவரை 8.7 கிலோமீட்டர். தொலைவைக் கேட்டுவிட்டு இவ்வளவுதானா என்று எண்ண வேண்டாம். அந்த 8.7 கிலோமீட்டருக்குள் 2,200 மீட்டருக்கு மேல் உயரவேண்டும். முதல் நாள் ஆறு கிலோமீட்டர் நடந்து 3,270 மீட்டர் உயரத்திலுள்ள லாபான் ராத்தா விடுதியை அடைந்து தங்குவது வழக்கம். வழியெங்கும் மரவேர்களும் படிகளும். களைப்பாற ஆங்காங்கே சிறு கூரைகள் அமைக்கப்பட்டுள்ளன. கண்ணுக்கு விருந்தும் உண்டு: பாசி படர்ந்த மரங்கள், மலர்ச்செடிகள், பூச்சிகளை வீழ்த்தி உண்ணும் குடுவைச்செடிகள். இம்மலைக்கே பெருமை சேர்க்கும் இராஜா குடுவைச்செடியின் குடுவை இரண்டு லிட்டருக்கு மேலும் நீர் கொள்ளும். ஆனால் அது பாதையோரத்தில் எளிதில் காணக்கிடைப்பதன்று.

அப்பாதையில் நம் கருத்தைக் கவர்வோர் சுமைதூக்குவோர். விடுதிக்கு வண்டிப்பாதை கிடையாது. அங்கே சமைக்கும் அரிசி, முட்டை, எரிவாயுத் தோம்பு யாவும் மனித முதுகில் ஏறியே மேலே செல்கின்றன. 30 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை நெற்றிப்பட்டையாலும் தோள்வாராலும் தாங்கி, வெறுங்கையோடு மூச்சிரைப்போரைக் கடந்து செல்லும் ஆண்களும் பெண்களும் அவ்வூர் மக்கள். மேட்டு நிலத்தில் செம்பனைக் குலை சுமந்தவர்கள் அதன் அருமையை நன்கு உணர்வார்கள். விடுதியில் உணவின் விலை மிகுதி என்று குறைசொல்வோர் அவர்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது நல்லது.

இரண்டாம் நாள் நடை பின்னிரவு இரண்டு மணியளவில் தொடங்குகிறது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளில் வரிசையாகச் செல்வார்கள். பால்மரம் சீவப் போகிறவர்களுக்கு நெற்றி விளக்கு புதிதன்று; இருட்டோடு புறப்படுவதன் காரணமும் ஏறத்தாழ அதுவே. வெயிலும் மழையும் முந்திக்கொள்ளுமுன் வேலையை முடிக்க வேண்டும். கினபாலுவில் காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் அடிவாரத்திலிருந்து மேகம் எழுந்து உச்சியை மூடத் தொடங்கிவிடும். மேகத்தின் பின்னே மழை வரும். மழை பெய்தால் அந்த வெறும் பாறையில் மண் ஏது, நீரை உறிஞ்ச? பெய்த நீர் அத்தனையும் பாறைமீது தகடாக ஓடிவரும்.

இங்கேதான் கருங்கல்லின் இரண்டு முகங்களும் வெளிப்படுகின்றன. உலர்ந்திருக்கும்போது பருமணிகள் செருப்படியைப் பற்றிக்கொள்ளும்; நிமிர்ந்து நடக்க முடியாது என்று தோன்றும் சரிவிலும் கால் நழுவாமல் நிற்கும். அந்தப் பிடிமானமே மலையேறுவோர் கருங்கல்லை விரும்புவதற்குக் காரணம். களிக்கல்லைப்போல் உதிராது, சுண்ணாம்புக்கல்லைப்போல் மழுங்கி வழுக்காது. கயிறும் கருவியும் கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறுவோர் அதன் நீண்ட வெடிப்புகளில் விரல்களையும் கால்நுனியையும் செருகி மேலேறுகின்றனர். அத்தகையோர்க்குக் கினபாலுவின் துணைக் கொடுமுடிகளில் வேண்டிய மட்டும் வேலை இருக்கிறது. பாறையில் இரும்புப் படிகளும் கம்பியும் பதித்து அமைத்த ஒரு வழியும் 2007ஆம் ஆண்டு முதல் உண்டு. நனைந்துவிட்டால் அதே கல் எதிரியாகிவிடும். பாசியும் ஓடும் நீரும் சேர்ந்த சரிவில் எத்தனை நல்ல காலணியும் உதவாது. அதனால்தான் பாறைப்பகுதி நெடுகிலும் தடித்த வெள்ளைக் கயிறு பதித்துள்ளனர். செங்குத்தான இடத்தில் பிடித்து ஏற அது உதவும். மேகம் சூழ்ந்து ஐந்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபோது வழிகாட்டுவதும் அக்கயிறே. கயிற்றை விட்டு விலகியோர் வழி தவறியதுண்டு.

சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியில் பெயரட்டை பார்க்கப்படும். அதைக் குறித்த நேரத்திற்குள் கடக்காதவரை மேலே விடமாட்டார்கள். அதன்பின் பாறை மட்டுமே. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் அவ்வளவே. பத்து அடி நடந்து நின்று, மீண்டும் பத்து அடி நடந்து செல்வதைப் பெருவிரைவோட்டக்காரரும் அங்கே வெட்கமின்றிச் செய்கிறார். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை உயரத்தால் வரும் நோயின் அறிகுறிகள். உடல் வலிமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. கட்டுடல் இளைஞரை வீழ்த்திவிட்டு, நிதானமாக வரும் ஐம்பது வயதினரை விட்டுவிடும். குறிகள் முற்றினால் மருந்து ஒன்றே: கீழே இறங்குவது. பல நூறு வெள்ளி செலவழித்து வந்தோமே, இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்னும் எண்ணம் அந்நேரத்தில் எழும். அவ்வெண்ணமே உயிருக்கு ஆபத்து.

மலை அசைந்த நாள்

2015 ஜூன் 5ஆம் நாள் காலை 7.15 மணிக்கு ரானாவ் வட்டாரத்தில் 6.0 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. கதிரவன் தோன்றுவதைக் கண்டுவிட்டுப் பலர் இறங்கிக்கொண்டிருந்த வேளை அது. கொடுமுடிகளிலிருந்து பாறைகள் பெயர்ந்து சரிவில் உருண்டன. கழுதைக்காதின் ஒரு பகுதி உடைந்து வீழ்ந்தது. 18 பேர் மாண்டனர். அவர்களுள் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர்களும் ஆசிரியர்களும், அவ்வூர் மலை வழிகாட்டிகளும் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மலைமேலேயே சிக்கிக்கொண்டனர். பாதை சிதைந்திருந்தது, அதிர்வுகளும் தொடர்ந்தன. அன்று அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதில் முன்னின்றவர்கள் 'மாலிம் குனுங்' என்று அழைக்கப்படும் மலை வழிகாட்டிகளே. தம் உறவினரையும் தோழரையும் இழந்த துயரிலும், காயமுற்றோரை முதுகில் சுமந்து அவர்கள் இறங்கினர்.

அதற்கு ஆறு நாள் முன்னர், மே 30ஆம் நாள், வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சியில் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டனர். மலையின் சினமே நடுக்கமாயிற்று என்று அவ்வூரார் பலர் நம்பினர். நிலத்தின் அடியில் பாறைகள் ஒன்றோடொன்று உரசி இடம்பெயர்வதாலேயே நிலம் நடுங்குகிறது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பிறர் முன்னோரை வைத்துப் போற்றும் இடத்தில் அவ்வாறு நடந்துகொண்டது பெரும் இழிசெயல் என்பதற்கு அறிவியல் சான்று தேவையில்லை. அவர்களுள் நால்வர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர்.

சிதைந்த பாதைக்கு மாற்றாகப் பாறைப்பகுதியில் புதிய வழி அமைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் உச்சிவரை ஏற மீண்டும் இசைவு தரப்பட்டது. மெசிலாவ் வழியாகச் சென்ற பழைய பாதை கைவிடப்பட்டது. நிலநடுக்கம் எப்போது வரும் என்று முன்னறிந்து சொல்ல எக்கருவியும் இல்லை. அதைப் பெற்றோரிடம் மறைப்பது முறையன்று. ஆனால் மலையில் நேரும் இடர்கள் பெரும்பாலும் வேறு வகையின: மழைபெய்த பாறையில் கால் வழுக்குதல், குளிரில் விறைத்தல், வழிகாட்டியை விட்டுப் பிரிதல். இவை நம் கையில் உள்ளவை.

பிரிந்து சென்றால் மலை எவ்வளவு கடுமையானது என்பதற்கு வடபுறத்துப் பெரும்பிளவே சான்று. லோ பள்ளத்தாக்கு எனப்படும் அப்பிளவு ஏறத்தாழ 1,800 மீட்டர் ஆழமுடையது. 1994ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவத்தைச் சேர்ந்த பதின்மர் குழு ஒன்று அதனுள் இறங்கியது. ஐவர் பெரும்பாடுபட்டுக் காட்டுவழியே வெளியேறினர். எஞ்சிய ஐவர், மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல், உணவு தீர்ந்த நிலையில் பல வாரம் கிடந்து, மார்ச் மாதத்தில் ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டனர். பயிற்சி பெற்ற படைவீரர்க்கே அந்நிலை.

செல்ல விரும்புவோர் சபா பூங்காக்கள் வாரியத்தின் நுழைவுச்சீட்டும் விடுதியில் இடமும் முன்கூட்டியே பெறவேண்டும். நாள்தோறும் ஏறுவோர் தொகைக்கு வரம்பு உண்டு. பல மாதங்களுக்கு முன்பே இடங்கள் நிரம்பிவிடும். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. வழிகாட்டியின்றி எவரும் ஏற இயலாது. அவர் திரும்புவோம் என்றால் திரும்புவதுதான் அங்கே சட்டம். கம்பளிச் சட்டை, கையுறை, மழைக்காப்பு, நெற்றி விளக்கு, பிடிமானமுள்ள காலணி ஆகியன இன்றியமையாதவை. இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே படியேறிப் பழகுவது நலம். தோட்டத்தில் படிக்கட்டு இல்லையே என்பவர்கள் அருகிலுள்ள மேட்டில் சுமையோடு ஏறி இறங்கலாம். பத்துமலையின் 272 படிகளைச் சிலமுறை ஏறி இறங்குவதும் நல்ல பயிற்சியே. இதய நோய், இழுப்பு, இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்காமல் புறப்படலாகாது.

ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதை எவரும் முதலில் நம்புவதில்லை. உச்சியிலிருந்து திம்போஹோன்வரை ஒரே நாளில் இறங்கும்போது உடலின் எடை முழுவதும் முழங்காலில் விழுகிறது. மறுநாள் ஒரு படி இறங்கவும் கால் மறுக்கும். அத்தகையோர்க்காகவே அமைந்ததுபோல், பூங்காவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் போரிங் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கந்தக மணம் கமழும் அவ்வெந்நீர்த் தொட்டிகளில் கால்களை நீட்டி அமர்ந்து, வலியைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் முறையிட்டுக்கொண்டிருக்கும் மலையேறிகளை அங்கே எந்த நாளிலும் காணலாம்.